சில்லாலைக்கு இரவில் வந்த குருவானவர்



காங்கேசன்துறையிலிருந்து கரையோரமாக மேற்கே புறப்படுங்கள். கீரிமலையைக் கடந்து, மாதகல் பக்கமாகச் சென்று, பண்டத்தரிப்பை நோக்கித் திரும்பினால் சில்லாலை என்னும் ஊரை அடைவீர்கள். துவிச்சக்கர வண்டியில் போகிறவருக்கு அது ஒரு காலைப்பொழுதின் பயணம். முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது, அந்த ஊருக்கு ஒரு மனிதர் இரவில் அழைத்து வரப்பட்டார். அவருடைய இடுப்பில் ஒரு துண்டுத் துணி, கழுத்தில் ஒரு செபமாலை. பார்ப்பவர்கள் அவரைப் பிச்சைக்காரன் என்றே நினைப்பார்கள். நோயில் கிடந்து எழுந்த உடல், தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழ். ஆனால் அவர் வந்த பிறகு வலிகாமத்துக் கத்தோலிக்கர் மறுபடியும் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.

அவர்தான் இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித யோசே வாஸ் அடிகளார். அவருடைய பெயரை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. அவருடைய திருவுருவம் நம் கோயில்களில் இருக்கிறது, அவருடைய பெயரை நம் பிள்ளைகளுக்கு இடுகிறோம். ஆயினும் அவர் நம் முன்னோருக்குச் செய்த உதவி யாதென்று கேட்டால், பலர் அவர் பெய்வித்த மழையை மாத்திரமே நினைவுகூருவர். இன்று அவருடைய வாழ்வின் வேறொரு பக்கத்தை உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம். களைத்துப்போன மனிதர்களை வாய்ச்சொல்லால் எழுப்பிவிடும் வரம் அவரிடம் இருந்தது. அந்த வரம் அவருக்கு எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தால், நமது வீடுகளில் சோர்ந்திருப்பவர்களிடம் நாம் எப்படிப் பேசவேண்டும் என்பதும் விளங்கும்.

கோவாவில் ஒரு பேர்பெற்ற பிரசங்கியார்

1651ஆம் ஆண்டு சித்திரை மாதம் 21ஆம் திகதி, கோவா நாட்டிலுள்ள பெனோலிம் என்னும் கிராமத்தில் யோசே வாஸ் பிறந்தார். தந்தை கிறிஸ்தோபர் வாஸ், தாய் மரிய மிராண்டா. அவர்கள் கொங்கணி பேசும் பக்தியுள்ள குடும்பத்தினர். தந்தையின் ஊரான சங்கோலில் போர்த்துக்கேய மொழியையும், தாயின் ஊரான பெனோலிமில் இலத்தீனையும் படித்தார். பின்பு கோவா நகரில் சேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியிலும், தொமினிக்கன் சபையாரின் கலாசாலையிலும் கல்வியை முடித்து, 1676இல் குருப்பட்டம் பெற்றார்.

குருவான சிறிது காலத்துக்குள் அவர் காலணிகளைக் கழற்றிவிட்டார். ஏழைகள் நடப்பதுபோல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். பிரசங்கத்திலும் பாவசங்கீர்த்தனம் கேட்பதிலும் அவருக்கு நல்ல பெயர் உண்டாயிற்று. பெரியோரும் சிறியோரும் அவரைத் தேடி வந்தனர். 1677இல், தாம் தேவமாதாவின் அடிமை என்று ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டு மாதாவின் பாதத்தில் வைத்தார். பேச்சால் பேர்பெற்ற மனிதர்கள் தம் பெயருக்கே அடிமையாகிப் போவதை நாம் காண்கிறோமல்லவா? அவர் அந்த வலையில் விழாதபடி தம்மை முன்கூட்டியே வேறொருவருக்கு அடிமையாக்கிக் கொண்டார்.

அக்காலத்தில்தான் இலங்கையிலிருந்து துக்கமான செய்திகள் கோவாவை எட்டிக்கொண்டிருந்தன. அங்கே கத்தோலிக்கருக்குக் குருக்கள் இல்லை, பலிபூசை இல்லை, மரிக்கிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை என்று கேட்டபோது, தம்மை அனுப்பும்படி அவர் வேண்டிக்கொண்டார். மேலதிகாரிகளோ 1681இல் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். மங்களூர், பசுரூர், கங்கொல்லி முதலிய இடங்களில் சிதறிக்கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்த்து மூன்று ஆண்டுகள் அவர் உழைத்தார். பின் கோவாவுக்குத் திரும்பி, 1685இல் ஓரத்தோரியன் சபை என்னும் குருக்கள் குழுவிற் சேர்ந்து, அதன் தலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார். எனினும் இலங்கை அவருடைய நினைவை விட்டு அகலவில்லை. அடுத்த ஆண்டே அந்தத் தலைமைப் பதவியைத் துறந்து, யோவான் என்னும் பணியாளனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார்.

இருபத்தொன்பது ஆண்டுகள்

அவர் வந்து சேர்ந்த நேரத்தில் நம் குடாநாடு எப்படி இருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் எல்லாரும் நாடுகடத்தப்பட்டார்கள். குருவானவருக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, பண்டத்தரிப்பு என்று நீங்கள் நாள்தோறும் சொல்லும் இந்த ஊர்களில் போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேண்டுமாயினும், கலியாணம் சட்டப்படி செல்ல வேண்டுமாயினும் அங்கேதான் போகவேண்டும். பெயர் அங்குள்ள தோம்பில் ஏறவேண்டும். உத்தியோகம் பெற விரும்பியவருக்கும் அதுவே வாசல்.

இதைப் பழைய பகையைக் கிளறுவதற்காக எழுதவில்லை. நம் அயலில் வாழும் பிறசபைச் சகோதரர்களோடு இன்று நாம் சேர்ந்து செபிக்கிறோம். அக்காலத்து அரசுகள் எல்லாமே சமயத்தை ஆயுதமாகக் கையாண்டன. போர்த்துக்கேயர் காலத்தில் சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டதையும் நாம் மறைக்க முடியாது. ஆனால் நம் முன்னோரின் நிலையை அறியாமல் யோசே வாஸ் அடிகளாரின் வேலையை அளக்க முடியாது.

1658இலிருந்து 1687 வரை இருபத்தொன்பது ஆண்டுகள். அதாவது, ஒல்லாந்தர் வந்த ஆண்டிற் பிறந்த குழந்தை தானே பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் வயதுக்கு வந்துவிடும். அந்தத் தலைமுறை ஒரு பலிபூசையையும் கண்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டிமார் வாய்க்குள் முணுமுணுத்த அருள்நிறை மந்திரமும், கூரைக்குள் செருகி வைத்த ஒரு சிலுவையும்தான். முதலில் பயம் இருந்திருக்கும். பயம் வெகுகாலம் நீடித்தால் களைப்பாக மாறும். பயந்தவன் ஓடி ஒளிவான். களைத்தவனோ இனி எதற்கு என்று இருந்துவிடுவான். விசுவாசத்துக்குப் பயத்தைவிடக் களைப்பே பெரிய ஆபத்து. இப்படிக் களைத்துப்போயிருந்த மக்களிடந்தான் அடிகளார் அனுப்பப்பட்டார்.

செபமாலையே முதற்பேச்சு

தூத்துக்குடித் துறையும் அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. குருக்கள் எவரும் இலங்கைக்குப் படகேறாதபடி காவல் வைத்திருந்தார்கள். அடிகளார் தம் அங்கியைக் களைந்து, கூலிக்காரனைப் போல உடுத்திக்கொண்டு 1687இல் கப்பலேறினார். கடற்பயணம் கொடியதாயிற்று. புயலும் பசியும் தாகமும் சேர்ந்து வாட்டின. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் வயிற்றுளைவு நோய் அவரைப் படுக்கையிற் கிடத்தியது. பேர்பெற்ற பிரசங்கியார், ஒரு சொல்லும் பேச வலுவின்றி அந்நியனாகக் கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சியினால் அவரும் அவருடைய துணைவனும் உயிர்தப்பினார்கள் என்று அவருடைய வரலாறு சொல்கிறது.

இதை நீங்கள் கவனிக்கவேண்டும். நம் மக்களைத் தேற்ற வந்தவர் முதலில் நம் மக்களால் தேற்றப்பட்டார். கொடுக்க வந்தவர் முதலில் ஒரு சிரட்டைக் கஞ்சியை வாங்கிக் குடித்தார். அதற்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த ஆறுதல், மேலேயிருந்து இறங்கிவந்த சொல்லாக எவருக்கும் தோன்றியிராது.

உடல் தேறியதும் கத்தோலிக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. தெருவில் நின்று விசாரிக்க முடியாது. ஆகவே செபமாலையைக் கழுத்தில் வெளிப்படையாக அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டு ஏளனம் செய்தவர் உண்டு, கதவைச் சாத்தியவரும் உண்டு. ஆனால் சில வீடுகளில் பிச்சை போட வந்தவர்களின் பார்வை அந்தச் செபமாலையில் தங்கி நின்றது. அந்தப் பார்வையை அவர் தேடிக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல, ஒருவரையொருவர் சோதித்துப் பார்த்து நம்பிக்கை வளர்ந்தது. பிச்சைக்காரன் வேடத்தில் இருப்பவர் ஒரு குருவானவர் என்று அறிந்தபோது அந்த வீட்டார் அடைந்த மகிழ்ச்சியை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நகரத்தில் ஒளிந்திருப்பது ஆபத்தாதலால், கத்தோலிக்கர் தொகையாகவும் உறுதியாகவும் வாழ்ந்த சில்லாலைக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். அந்த ஊரே அவருடைய பணியின் நிலையமாயிற்று.

இரவுப் பள்ளிக்கூடம்

பகலில் மறைந்திருப்பார். இருட்டியதும் புறப்படுவார். நம்பிக்கையான ஒருவர் வழிகாட்டியாக முன்னே போவார். ஒரு வீட்டில் மக்கள் கூடியிருப்பார்கள். முதலில் பாவசங்கீர்த்தனம், அது மணிக்கணக்காக நீளும். இருபது, இருபத்தைந்து ஆண்டுச் சுமையோடு வந்து முழந்தாளிடுகிறவரை அவசரப்படுத்த முடியுமா? பிறகு ஞானோபதேசம், ஞானஸ்நானம், திருமணங்களைச் சீர்செய்தல். விடியுமுன் திவ்விய பலிபூசை. வெளிச்சம் வருமுன் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். அடுத்த இரவு வேறோர் ஊர், வேறொரு வீடு.

அவர் பேசிய தமிழ் எத்தகையது? அது அவருக்குத் தாய்மொழியன்று, வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட மொழி. கோவாவில் போர்த்துக்கேய மொழியில் அழகாகப் பிரசங்கம் செய்தவர், இங்கே குழந்தை நடைபழகுவதுபோலச் சொற்களைத் தேடிப் பேசவேண்டியிருந்தது. ஆயினும் அந்தச் சொற்கள் மக்களைப் பிடித்துக்கொண்டன. ஏன்? வாசகர்களே, இங்கேதான் நாம் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும்.

இசையாஸ் தீர்க்கதரிசி தம் ஆகமத்தில், களைத்துப்போனவர்களைத் தாங்கத் தெரிந்த நாவை ஆண்டவருடைய கொடையாகக் காண்கிறார். அந்த நா எப்படிக் கிடைக்கிறது என்பதையும் அவர் அதே இடத்தில் காட்டுகிறார். காலைதோறும் ஆண்டவர் முதலில் காதைத் திறக்கிறாராம். கேட்கத் தெரிந்த காது இருந்தாற்றான் தேற்றத் தெரிந்த நாவும் இருக்கும் என்பது இதன் கருத்து. யோசே வாஸ் அடிகளார் நடந்த முறையும் இதுவே. அவர் முதலில் பாவசங்கீர்த்தனத்தில் இருந்து கேட்டார், பிறகே பிரசங்கித்தார். ஒவ்வொரு வீட்டின் கண்ணீரும் அவர் செவிக்குள் போன பின்னரே அவருடைய வாய் திறந்தது. கூடியிருந்த ஒவ்வொருவரும், இந்தச் சுவாமி நம்மை அறிந்து பேசுகிறார் என்று உணர்ந்தார்கள். அங்கே வாக்குவன்மை குறைவாயிருந்தாலும் ஒரு நட்டமுமில்லை.

1689 நத்தார் இரவு

இனி நாம் சொல்லப்போவது கசப்பான பகுதி. புனிதர்களின் வரலாற்றில் இத்தகைய பகுதிகளை நாம் விரைவாகக் கடந்துபோக விரும்புகிறோம். ஆனால் இதைத் தவிர்த்தால் பொய்யான ஆறுதலே மிஞ்சும்.

மக்கள் மீண்டும் துணிவு பெற்றதை ஒல்லாந்த அதிகாரிகள் கவனித்துவிட்டார்கள். எங்கோ ஒரு குருவானவர் இருக்கிறார் என்பது அவர்களுக்கு எட்டியது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், பூசைக்காகக் கூடியிருந்த கத்தோலிக்கர்மீது போர்வீரர் பாய்ந்தார்கள். அடிகளார் பிடிபடாமல் தப்பினார். அவருடைய மக்களோ பிடிபட்டார்கள். ஆண்களில் முதன்மையானோர் கொடிய கசையடிக்கும் கட்டாய வேலைக்கும் ஆளானார்கள். அவர்களுள் தொன் பேதுரு என்பவர் முன்பு ஒல்லாந்தருடைய சபையில் இருந்தவர், பின் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவியவர். அதனால் அவர்மேல் கோபம் அதிகமாயிருந்தது. அவர் அடிபட்டே உயிர்நீத்தார். அவர்கள் விசுவாசத்தை மறுதலித்து விடுதலை பெற மறுத்துவிட்டார்கள்.

வாசகரே, உங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறதா? எழவேண்டும். அந்தக் குருவானவர் வராதிருந்தால் அந்த மனிதர் அடிபட்டிருக்கமாட்டாரே! களைத்துத் தூங்கியவர்களை எழுப்பியதால்தானே அடி விழுந்தது? தாம் எழுப்பிவிட்டவர்கள் அடிபடும்போது எழுப்பியவர் தப்பிப்போவது நியாயமா?

இந்தக் கேள்வி அடிகளாரையும் வாட்டாமல் இருந்திருக்குமா? பிறருக்கு ஆறுதல் சொல்கிற ஒவ்வொருவரும் இதைச் சந்தித்தாகவேண்டும். தைரியமாயிரு என்று சொல்வது மிகவும் இலேசு. தைரியமாயிருந்ததன் பலனைக் கேட்டவன்தான் அனுபவிக்கிறான். ஆகவே தூரத்தில் பத்திரமாக இருந்துகொண்டு பிறரைத் துணிவுகொள்ளச் சொல்கிறவனுடைய வார்த்தை ஒருபோதும் நிலைக்காது.

யோசே வாஸ் அடிகளார் அப்படி இருக்கவில்லை. அவர் பிடிபட்டால் அவருக்கும் இரக்கம் கிடைத்திராது. இந்த இலங்கை முழுவதற்கும் அப்போது அவர் ஒருவரே குரு. அவர் பிடிபட்டிருந்தால் நாடெங்கும் காத்திருந்த மற்றவர்கள் மறுபடியும் மேய்ப்பனில்லாத ஆடுகளாயிருப்பார்கள். அவரை மறைத்துக் காத்தவர்கள் அந்த மக்களே. அவர் கோவாவுக்கு ஓடிப்போய்ச் சுகமாக இருக்கவில்லை. இந்தத் தீவிலேயே தங்கி, இன்னும் இருபத்தோர் ஆண்டுகள் உழைத்து, இங்கேயே மண்ணாய்ப் போனார். அந்த அடிபட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அவருடைய மீதி வாழ்வு முழுவதுமே. தொன் பேதுருவின் பெயரை நாம் மறவாதிருப்போமாக. அடிகளார் பீடத்தில் வைத்து வணங்கப்படுகிறார். அவருடைய சொல்லை நம்பி உயிர்கொடுத்தவரோ நம் மண்ணின் புழுதியில் கிடக்கிறார்.

சிறைக்குள்ளே ஒரு கோயில்

யாழ்ப்பாணத்தில் இனித் தங்குவது இயலாதென்ற நிலையில், 1690இல் அவர் புத்தளம் சென்றார். அது கண்டி அரசனுக்குரிய பகுதி. அங்கு ஓராண்டுக்கு மேல் உழைத்துவிட்டு, 1692இல் கண்டி மாநகருக்குப் புறப்பட்டார். அரசவையில் செல்வாக்குப் பெற்ற ஒரு பிரெஞ்சுக் கல்வினியர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று கோள்மூட்டினார். அடிகளார் சிறைப்பட்டார்.

சிறையில் அவர் வாளாவிருந்தாரா? சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்தபோது ஒரு குடிசையைக் கட்டி அதைக் கோயிலாக்கினார். கண்டியில் மறைவாக வாழ்ந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினர். பின்னர் நாட்டில் கொடிய வரட்சி உண்டாகி, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரிடமும் வேண்டுதல் செய்யக் கேட்டபோது, வெளியிடத்தில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டி அவர் முழந்தாளிட்டுச் செபித்தார் என்பதும், பெருமழை பொழிந்தது என்பதும் நீங்கள் சிறுவயதிலேயே கேட்ட வரலாறு. அதன்பின் மன்னன் அவருக்கு நாட்டில் நடமாடும் சுதந்திரத்தை அளித்தான்.

1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியது. நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். அடிகளாரும், அவ்வேளை கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகன் யோசே கர்வாலோ சுவாமியும் அவர்களுக்குக் குடில்கள் அமைத்தார்கள். புண்களைக் கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். சமயம் பாராமல் எல்லாருக்கும் செய்தார்கள். கையால் செய்யாத ஒன்றை வாயால் சொல்வதில்லை என்பது அடிகளாரின் வாழ்வில் நாம் காணும் ஒழுங்கு.

தமக்குப் பின் பேசுகிறவர்கள்

ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர் தனியொரு குருவாக இந்தத் தீவில் நடந்து திரிந்தார். ஒருவர் எத்தனை ஊர்களுக்குப் போகமுடியும்? ஒரு முறை போன ஊருக்கு மறுமுறை போக மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் மக்களைத் தேற்றுவது யார்?

இதற்கு அவர் கண்ட வழி நம்முடைய கோயில்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் ஒருவரையும் அண்ணாவியார் ஒருவரையும் ஏற்படுத்தினார். மூப்பர் சபையை நடத்துவார். அண்ணாவியார் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார், ஞாயிறுதோறும் செபங்களை வாசிப்பார், மரணப்படுக்கையில் இருப்பவரின் அருகிலிருந்து நன்மரணச் செபம் சொல்வார். குருவானவர் வராத ஊரிலும் சொல் நின்றுபோகாது. நம்முடைய தாத்தாமார் சிலர் இந்த அண்ணாவி மரபில் வந்தவர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். குருவானவரின் சொல்லைக் குடும்பத்தலைவனின் வாயிலும் தாயின் வாயிலும் வைத்துவிட்டுப் போனவர் அடிகளார்.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் கோவாவிலிருந்து வந்து சேர்ந்தார். மொழித்திறனில் வல்லவரான அவரைத் தமிழிலும் சிங்களத்திலும் தேர்ச்சிபெறச் செய்து, மக்கள் வாசிக்கத்தக்க நூல்களை ஆக்கும்படி யோசே வாஸ் அடிகளார் ஊக்கினார். தவசு காலத்தில் நம் கோயில்களில் இராகத்தோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அந்தக் கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியதே. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் விம்மி விம்மிக் கேட்கும் காட்சியை நீங்கள் கண்டிருக்கலாம். சொந்தத் துக்கத்தைச் சொல்ல வார்த்தையில்லாத எத்தனையோ தாய்மார், வியாகுலமாதாவின் துக்கத்தைக் கேட்டு அழுது மனம் ஆறியிருக்கிறார்கள். ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லிக் களைத்தவரைத் தேற்றும் இந்த வழக்கம் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாக வாயிலிருந்து காதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

1710இல், உடல் மிகவும் நலிந்திருந்தபோதும், அடிகளார் இன்னொரு முறை தம் மக்களைச் சந்திக்கப் பயணம் போனார். திரும்பும் வழியில் நோயுற்றார். கண்டியில், 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி, ஐம்பத்தொன்பதாவது வயதில் ஆண்டவரில் துயில்கொண்டார். அவர் அடக்கம்பண்ணப்பட்ட இடம் இன்று அடையாளம் தெரியாமற் போயிற்று. அவருக்குப்பின் வந்த ஓரத்தோரியன் குருக்கள் தொடர்ந்து உழைத்தார்கள். 1806இல் ஆங்கிலேயத் தேசாதிபதி மெயித்லந்து கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கியபோது, அழிந்துபோகாத ஒரு திருச்சபை இங்கே இருந்தது. 1995ஆம் ஆண்டு தை 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு தை 14ஆம் திகதி அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தி, அன்றே மடுத்திருப்பதிக்கும் வந்து நம் மக்களோடு செபித்தார்.

நம் வாசற்படியில்

இப்பொழுது மீண்டும் காங்கேசன்துறைக்கு வாருங்கள். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் இந்தக் கரையோரத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறியதை உங்களிற் பலர் நேரிற் கண்டவர்கள். சீமெந்து ஆலையின் இயந்திரங்கள் ஓய்ந்தன, துறைமுகம் அடைபட்டது, கோயில்கள் சிதைந்தன. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிற் பிறந்த பிள்ளைகள் தம் சொந்த ஊரைப் பார்க்காமலே வளர்ந்து பெரியவர்களானார்கள். 2015இல் புகையிரதம் மறுபடியும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2017இல் மயிலிட்டித் துறை திரும்பக் கிடைத்தது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்து சேர்ந்தது. எனினும் தம் காணிக்காக இன்னும் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பிவந்தவர்களிலும், பற்றை மண்டிய வளவையும் கூரையில்லாத சுவரையும் பார்த்து மனம் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள்.

நம் முன்னோர் காத்திருந்த ஆண்டுகள் இருபத்தொன்பது. வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் பல அவ்வளவு காலமும், அதற்கு மேலும் காத்திருந்தன. ஆகவே களைப்பு என்ற சொல்லின் பொருளை நாம் அகராதியிற் பார்க்கத் தேவையில்லை. அது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. சில வீடுகளில் அது வயதான அப்புவின் மௌனமாக இருக்கிறது. சில வீடுகளில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் ஆச்சியாக இருக்கிறது. வேலையற்ற இளைஞனாகவும், கணவனை இழந்த பெண்ணாகவும் அது நம் கோயிலின் கடைசி வாங்கில் வந்து இருக்கிறது.

இவர்களிடம் நாம் என்ன பேசுகிறோம்? எல்லாம் சரியாகிவிடும் என்கிறோம். ஆண்டவருடைய சித்தம் என்கிறோம். எங்களுக்கும் கஷ்டந்தான் என்று நம்முடைய கதையைத் தொடங்கிவிடுகிறோம். சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். சொன்னவருக்கு மனம் இலேசாகிறது, கேட்டவருக்குப் பாரம் கூடுகிறது.

யோசே வாஸ் அடிகளாரின் வழி வேறு. அவர் முதலில் அவர்களுடைய வாசலுக்குப் போனார், அவர்கள் கொடுத்ததை வாங்கி உண்டார். அவர்களுடைய மொழியைப் படித்தார். நெடுநேரம் கேட்டார், கொஞ்சமாகப் பேசினார். பேசிய பிறகு கைவிட்டுப் போகாமல் அவர்களுடைய ஆபத்தைத் தம் ஆபத்தாக்கினார். தாம் போனபின் பேசுவதற்கு அந்த ஊரிலேயே ஒருவரை ஏற்படுத்திவிட்டுப் போனார். இவற்றுள் எதற்கும் பெரிய படிப்போ பேச்சுத்திறமையோ வேண்டியதில்லை. ஆனால் நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், தன்னை மறக்கும் மனம் வேண்டும்.

இந்தக் கிழமை உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒருவர் இருப்பார். இந்நேரம் அவருடைய முகம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். மாலையில் செபமாலை சொல்லி முடிந்ததும் அவருடைய வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். அவர் தேத்தண்ணீர் தந்தால் மறுக்காமல் குடியுங்கள். அவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். அதன்பின் உங்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே நாளைக்கும் போங்கள். இருட்டில் சில்லாலைக்கு நடந்துவந்த அந்த வெறுங்காற் குருவானவர் உங்கள் முன்னே வழிகாட்டி நடப்பார்.

புனித யோசே வாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.